நான் சொல்லாததைச் சொன்ன என் குரல்

வெளிமாநிலத்தில் நாங்கள் குடியிருந்த ஈஜிபுராவில், எங்களுக்குக் கீழ் வீட்டில் இருந்த அக்கா ஹெப்பகோடியில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை பார்த்துவந்தாள். ஒருநாள் காலை நான் பால் வாங்கிக்கொண்டு படியேறும்போது வழியை மறித்து நின்றாள்.

“ஏம்மா, இதை என் மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே? போன்ல எதுக்குச் சொன்னே?”

நான் விழித்தேன். போனை என் காதருகே பிடித்தாள். அவள் கம்பெனியிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்திருந்த குரல் செய்தி: நாளை முதல் பணிக்கு வரத் தேவையில்லை, அடையாள அட்டையைக் காவலரிடம் ஒப்படைக்கவும். குரல் என்னுடையது. அந்த வாக்கியத்தை நான் வாழ்நாளில் பேசியதில்லை.

“அக்கா, சத்தியமா இது நான் இல்ல.”

“உன் குரலு எனக்குத் தெரியாதா? தினம் மேல இருந்து கேக்குதே!” கதவை அறைந்து சாத்திக்கொண்டாள்.

குரல் கொடுப்பதுதான் என் தொழில். சில வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனிக்காகக் குழந்தைகளுக்கான தமிழ்ப் பாடங்களை மாதக்கணக்கில் வாசித்துப் பதிவு செய்திருந்தேன். அவர்களுடைய இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். வேறொரு பெண் பெயரில் என் குரல் விற்பனைக்கு இருந்தது. எதை எழுதிக் கொடுத்தாலும் அது பேசுமாம். அக்காவின் கம்பெனியும் அதைத்தான் வாங்கியிருக்க வேண்டும்.

மறுநாளே குரலை விற்ற அந்தக் கம்பெனிக்குப் போனேன். சட்டப் பிரிவு அதிகாரியும் எங்களைப் போலத் தமிழர்தான். உட்காரச் சொல்லவில்லை.

“மேடம், இது உங்க ரெக்கார்டிங் இல்ல. மெஷின் பேசுது. காப்பிரைட் சட்டம் ரெக்கார்டிங்குக்குத்தான்.”

“என் ரெக்கார்டிங்கைக் கேட்டுத்தானே மெஷின் கத்துக்கிச்சு?”

“கத்துக்கிட்டது இங்க இல்ல, சிங்கப்பூர்ல. அங்க சட்டத்தைத் திருத்தி அதை அனுமதிச்சுட்டாங்க. ஜப்பான்லயும் அப்படித்தான். ஐரோப்பாவா இருந்தா, வேண்டாம்னு நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

“யார்கிட்ட சொல்றது? நீங்க எடுக்கப்போறீங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?”

அவர் தோளைக் குலுக்கினார். “டென்மார்க்ல ஒவ்வொருத்தருக்கும் அவங்க முகம், குரல் மேல உரிமை தர்ற மாதிரி சட்டம் கொண்டுவர்றாங்க. நீங்க அங்க பொறந்திருக்கலாம்.” பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நான் போட்ட சத்தத்தில் செக்யூரிட்டி வந்து என்னை லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டான்.

சிவாஜி நகரில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். நம் ஊரில் இன்னும் குழு போட்டுப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றார். பிரபல பாடகர் ஒருவரின் குரலை இப்படிப் போலி செய்தபோது நீதிமன்றம் தடுத்ததாம். “ஆனா அவர் குரல் ஊருக்கே தெரியும். உங்க குரலைக் கேட்டு இது இன்னாருதுன்னு யாராவது கண்டுபிடிச்சிருக்காங்களா? அவங்க சாட்சி சொல்லணும்.”

கண்டுபிடித்தவள் ஒருத்திதான்.

அக்கா கதவைப் பாதிதான் திறந்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லி, சாட்சி சொல்ல வருவாளா என்று கேட்டேன்.

“சரி, நீ சொல்லலன்னே வச்சுக்குவோம். உன் குரலை எடுத்துக்கிட்டான்னு கோர்ட்டுக்குப் போற. என் வேலையை எடுத்துக்கிட்டானே, அதுக்கு எந்தக் கோர்ட்டு? அதைக் கேக்க வந்தியா நீ?”

“அதையும் கேக்கலாம் அக்கா...”

“இப்பத்தானே ஞாபகம் வந்துச்சு உனக்கு? போம்மா. அந்தக் குரலைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியுது.”

அவள் சாட்சி சொல்ல வரவில்லை. வக்கீலம்மா குரலை விற்ற கம்பெனிக்கு வெறும் நோட்டீஸ் மட்டும் அனுப்பினார். நல்லெண்ண அடிப்படையில் குரலை நீக்கிவிட்டதாகவும், அதனால் எனக்கு அதன்மேல் உரிமை இருப்பதாக ஒப்புக்கொண்டதாகாது என்றும் பதில் வந்தது. எழுதியவர் அதே அதிகாரி.

அக்கா பீன்யாவில் வேறு வேலை தேடிக்கொண்டு அந்தப் பக்கமே குடிபோய்விட்டாள். சாமான் ஏற்றிய அன்று நான் கீழே இறங்கி வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள்மேலும் எனக்குக் கோபம் இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்றுதான் தெரியவில்லை.

போன மாதம் ஒரு விளம்பரத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒப்பந்தத்தில், உலகின் எந்த நாட்டிலும், எந்த வடிவத்திலும் என் குரலைப் பயன்படுத்தலாம் என்ற வரியைப் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஒப்பந்தத்தை நீட்டிய பையன் தாளைப் பார்த்தான். “அப்படின்னா வேற ஆளைப் பாத்துக்கறோம் மேடம்” என்றான்.

“பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.