இரண்டாவது தொன்னை

கட்டாக் நகரத்தில் சைக்கிளில் தஹிபரா என்கிற தயிர்வடை விற்கிறவர்களுக்குக் குறைச்சலே இல்லை. பாதிப் பேர் பிடானாசிப் பேட்டைக்காரர்கள், வாய் ஓயாதவர்கள். குலமணி பெஹராவும் பிடானாசிதான், ஆனால் வாய் செத்த மனிதர். சைக்கிளின் பின்னால் இரண்டு பக்கமும் பெரிய அலுமினியப் பானைகள் தொங்கும். ஒன்றில் மோர்த் தண்ணீரில் ஊறிய உளுந்து வடை, மற்றதில் ஆலூதம் என்கிற காரசாரமான உருளைக்கிழங்குக் குழம்பு. சந்தை முனையில் வண்டியை நிறுத்தினால் மனிதர் பாட்டுக்கு இலைத் தொன்னையில் வடையைப் போடுவார், ஆலூதத்தை ஊற்றுவார். தின்று முடித்தவர் தொன்னையை நீட்டினால் மோர்த் தண்ணீரும் ஊற்றுவார். அதற்குக் காசு கிடையாது. அந்த மோருக்காகவே வருகிற ஜென்மங்களும் உண்டு, அவரை நனா என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடுகிற ஆட்டோக்காரன் ககனைப் போல.

முதல் தொன்னை மட்டும் யாருக்கும் கிடைக்காது. அது முனையிலுள்ள ஜகந்நாதர் மாடத்துக்கு. குலமணியின் அப்பா காலத்து வழக்கம் அது. படைக்கிறவரை எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. உப்பு, காரம் எல்லாம் கைக்கணக்கு. பதம் சொல்வது மூக்கு.

அந்த மூக்குதான் போன மழைக்காலத்துக் காய்ச்சலோடு போய்விட்டது. நாக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோறும் ஒன்றுதான், காகிதமும் ஒன்றுதான். மனிதர் யாரிடமும் மூச்சு விடவில்லை, மனைவி ஜுனுவிடம்கூட. ருசி தெரியாதவன் கையால் யார் வாங்கித் தின்பார்கள்? அவருக்குத் தெரிந்த பிழைப்பு இது ஒன்றுதான். கை பழகியிருந்ததால் வண்டி ஓடியது. ஆனாலும் ஒவ்வொரு காலையும் முதல் ஆள் வாயில் வைக்கும்போது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

விரத மாதமான கார்த்திகம் வந்தது. அந்த மாதத்தில் பூண்டு என்று வாய்தவறிச் சொன்னாலே ஊர் முறைக்கும். கடைசி ஐந்து நாள் பஞ்சுகா வந்துவிட்டாலோ கொக்குகூட மீனைத் தொடாது என்பார்கள். மீன் இல்லாமல் சோற்றில் கை வைக்காத ககனே அப்போது சாமியாராகிவிடுவான், பாருங்களேன்.

பஞ்சுகாவின் முதல் நாள் விடியலில் ஜுனு மகாநதிக்குக் குளிக்கப் போயிருந்தாள். முந்தின நாள் வீட்டைச் சுத்தம் செய்தபோது அவள் பரணிலிருந்து இறக்கிய டப்பா ஒன்று அடுப்படியிலேயே இருந்தது. மற்ற மாதங்களுக்கான மசாலா அது, பூண்டு சேர்த்து இடித்தது. அந்த மாதங்களில் ஜகந்நாதருக்கு வெறும் வடை மட்டும்தான். பக்கத்திலேயே கார்த்திக மாதத்து டப்பா. இரண்டும் ஒரே சிவப்பு. மூடியைத் திறந்தால் மூக்குள்ள எவனுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கும். குலமணி கைக்கு வந்ததை எடுத்து அள்ளிப் போட்டுக் கிளறினார்.

முனைக்கு வந்தார். ஜகந்நாதருக்கு ஆலூதத்தோடு படைத்தார். அடுத்த தொன்னையை ககன் பறித்துக்கொண்டான். ஒரு வாய் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"நனா, என்ன இது? பூண்டு வாட அடிக்குது!"

இவனுக்குத் தினமும் ஏதாவது கிண்டல் வேண்டும் என்று குலமணி நினைத்தார். "உன் வாய மொதல்ல கழுவிட்டு வாடா" என்று அபூர்வமாக ஒரு பதில் சொல்லிவிட்டு, அடுத்து நின்ற இரண்டு பேருக்கும் ஊற்றிக் கொடுத்தார்.

பக்கத்தில் வெற்றிலை விற்கிற, ஊருக்கே சித்தியான அகல்யா மௌசியும் தொன்னையை வாங்கினாள். பஞ்சுகா விரதம் தவறாத விதவை. வாய்க்கருகே கொண்டுபோனவள் அதே வேகத்தில் கீழே வைத்தாள்.

"ஏ குலமணி, இத மோந்து பாரு."

குலமணி மோந்து பார்த்தார். ஒன்றுமே இல்லை. மறுபடியும் மோந்து பார்த்தார். மௌசி அந்த முகத்தையே பார்த்தாள்.

"அட பாவி! எத்தன நாளா இப்படி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

அவ்வளவுதான், அதுவரை அடைத்து வைத்திருந்ததெல்லாம் உடைந்துவிட்டது. "காய்ச்சல் வந்ததிலிருந்து மௌசி" என்றவர், நின்றவர்கள் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "யாரும் திங்காதீங்க. இதுல பூண்டு விழுந்திருக்கு. எனக்கு வாசனையே தெரியல. என் தப்புதான்."

தின்றிருந்த ஒருவர் தொன்னையைத் தரையில் வீசினார். "பஞ்சுகாவுல பூண்ட ஊட்டிட்டியேய்யா! ஊருக்குச் சோறு போடுற ஆளாய்யா நீ?" குலமணி பானைகளை மூடினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

விஷயம் கேட்டு ஜுனு கத்தவில்லை. "என்கிட்டகூட சொல்லாம இத்தன நாளும் நீங்களா கெடந்து தவிச்சீங்களா?" என்று அழுதாள். அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது. மறுநாள் அடுப்பு மூட்டவில்லை. சைக்கிளை விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

வாசலில் ஆட்டோ ஹார்ன் அடித்தது. ககன் இறங்கினான், பின்னாலிருந்து மௌசியும்.

"என்ன நனா, எங்கள பட்டினி போட்டுக் கொல்லப் பாக்கறியா?"

"நான் இனிமே விக்கல, ககன். மனுஷங்கள விடு, அந்த ஜகந்நாதருக்கே பூண்டக் கொடுத்துட்டேன்டா."

மௌசி சிரித்தாள். "அவரு மட்டும் என்னவாம்? வருஷா வருஷம் ஸ்நானத் திருவிழாவுல நூத்தியெட்டுக் கொடம் தண்ணியில குளிச்சிட்டு வந்து பதினஞ்சு நாள் காய்ச்சல்ல படுக்கிறாரே! காய்ச்சல்காரன் படுற பாடு அவருக்குத் தெரியாதா? எந்திரிடா. அடுப்ப மூட்டு."

"ருசி தெரியாம எப்படி மௌசி?"

"எனக்குத் தெரியுமில்ல? மொத தொன்ன அவருக்கு. ரெண்டாவது எனக்கு. நான் தின்னு சொன்ன பொறவு மத்தவனுக்கு ஊத்து. நல்லா இல்லன்னா சந்தைக்கே கேக்குற மாதிரி திட்டுவேன், சம்மதமா?"

குலமணி எழுந்தார். அவள் காலைத் தொடக் குனிந்தார். "அதெல்லாம் அப்புறம், பசிக்குது" என்று தள்ளிவிட்டாள். ஜுனு அதற்குள் அடுப்பை மூட்டியிருந்தாள்.

அன்றிலிருந்து அப்படித்தான். மசாலா டப்பாவை ஜுனு மோந்து பார்த்துக் கொடுப்பாள். முனையில் மௌசி தின்று, உப்பு கம்மி என்றால் கம்மி என்பாள், மோர் புளிக்கிறதென்றால் புளிக்கிறது என்பாள். தொன்னையை வீசிய ஆள்கூட இரண்டு நாள் முறைத்துவிட்டு மூன்றாம் நாள், "மௌசி சொல்லியாச்சா?" என்று கேட்டபடி வந்து நின்றார். தனக்கு நாக்கு போனதென்று நினைத்திருந்த குலமணிக்கு, ஒரு சந்தையே நாக்காக நின்றது. ஒவ்வொரு தொன்னை நீட்டும்போதும் மனசு நிறைந்து போகும்.

கார்த்திகம் முடிந்த மறுநாள், ஊரே மீனுக்கும் கறிக்கும் பறந்துகொண்டிருந்தது. குலமணி அன்று பூண்டு மசாலாவைத் தெரிந்தே எடுத்தார். ஜுனு மோந்து, தலையாட்டிக் கொடுத்தாள். முனையில் வெறும் வடைப் படையல் முடிந்து இரண்டாவது தொன்னையை மௌசியிடம் நீட்டினார். சுற்றி நின்றவர்கள் அவள் வாயையே பார்த்தார்கள்.

மௌசி மென்றாள். விழுங்கினாள். சந்தைக்கே கேட்கிற மாதிரி திட்டினாள்.

"ஏ குலமணி! ஒரு மாசம் வாயக் கட்டிட்டு வந்திருக்கேன், பூண்டு பத்தலடா!"

ககன் விழுந்து விழுந்து சிரித்தான். குலமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் கூடப் போடுறேன் மௌசி" என்று அவள் தொன்னை வழிய வழிய மோர் ஊற்றினார்.