முதல் பஸ்ஸுக்கு எழுந்திருக்க வேண்டியவன்

என் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவனை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவோம். விடியற்காலை முதல் பஸ் எங்களுடையது. நான் ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்குள் அவன் ஏறி, ஜன்னல்களைத் திறந்து, முதல் ஆளுக்கு டிக்கெட் கிழித்திருப்பான்.

அவன் காதுக்குள் ஒரு ஆள் பேசுவான். என்னிடம் அதை மறைத்ததே இல்லை. "அண்ணே, இன்னைக்கு ரொம்ப வம்பு பண்றான். டிக்கெட் எடுக்காதவன் வாயை மூடிட்டு வாடான்னு சொல்லிட்டேன்" என்பான். இரண்டு பேரும் சிரிப்போம்.

ஒரு நாள் அந்தக் குரல் சொன்னதைக் கேட்டு, நட்டநடு ரோட்டில் விசில் ஊதி, பஸ்ஸில் குண்டு இருக்கிறதென்று எல்லோரையும் இறக்கிவிட்டான். அன்றைக்கு நானே ஆடிப்போனேன். ஆஸ்பத்திரி, மாத்திரை என்று ஆனது. குரல் பெரும்பாலும் அடங்கியது. ஆனால் பொழுது நன்றாக ஏறும்வரை அவனால் கண்ணைத் திறக்க முடியவில்லை. மாசக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆள் என்று டிப்போவில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அவனையும் அவன் அண்ணனையும் நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நல்ல மனுஷர். அவனைப் பார்த்தே கேட்டார்.

"மாத்திரையைக் கொஞ்சம் குறைச்சா தூக்கம் தெளியும். ஆனா குரல் கூடலாம். உங்களுக்கு எது முக்கியம்?"

விசில் யோசிக்கவே இல்லை. "அவன் பேசிட்டுப் போறான் சார், நான் சமாளிச்சுக்குவேன். எனக்கு நாலு மணிக்கு முழிப்பு வரணும்."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "கேட்டீங்களா டாக்டர்? குரல் இருந்தா பரவாயில்லையாம்! இவனுக்கு இன்னும் தெளியலைங்க. மாத்திரையைக் கூட்டித்தான் ஆகணும்."

"அவன் வேலையைத்தான் கேக்குறான்" என்று நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க வெளியாளு. வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

டாக்டர் பேனாவை எடுத்து மாத்திரையைக் கூட்டி எழுதினார். நல்ல மனுஷர் என்றேனே, அது அதோடு சரி.

வேலை போனது. போன வாரம் மத்தியானம் பார்க்கப் போனேன். உடம்பு ஊதி, சட்டைப் பொத்தான் தெறிக்க, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அண்ணன் முகத்தில் ஒரே பூரிப்பு.

"தங்கமா இருக்கான். எதைச் சொன்னாலும் சரிங்கிறான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மறுபடியும் என்கூட முதல் பஸ்ஸுக்கு வர்றியாடா?"

"சரிண்ணே."

"வேணாம், வீட்லயே இருந்துடு."

"சரிண்ணே."

"பார்த்தீங்களா?" என்றார் அண்ணன்.