ஒரே மருந்து, ரெண்டு கலர்

இன்னிக்கு காலையில ஆஸ்பத்திரியில சேத்திருந்த என் வூட்டுக்காரர் வார்டுலயே விழுந்துட்டார். பாத்ரூம் போக எழுந்தவர், நாலடி நடக்கல. இடுப்பெலும்பு ஒடஞ்சுபோச்சு.

காசிமேட்டுல நாப்பது வருஷம் ஆடுற மீன்புடி போட்டுல நின்ன மனுஷன்.

நர்ஸ் பொண்ணு கேட்டுச்சு, "ஆயா, வீட்டு மாத்திரை ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"பிரஷருக்கு எப்பவும் போடுற வெள்ள மாத்திரை குடுத்தேன். நீங்க குடுத்தது மஞ்சளாச்சே."

"ரெண்டும் ஒரே மருந்து ஆயா, கம்பெனிதான் வேற. பிரஷர் ரொம்ப இறங்கி தலை சுத்தியிருக்கு."

அஞ்சாங்கிளாஸ்தான் படிச்சேன். ஆனா கலர் பாத்தே ஒரு வேளைகூட தப்பாம குடுக்கிறவ நான்னு தெருவெல்லாம் பெருமையா சொல்லிக்குவேன்.

அவர்கிட்ட போய், நான்தான் உன்னை தள்ளிவுட்டேன்னு அழுதேன்.

"ஈரத்துல வழுக்கிச்சுன்னு புள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன். நீ வாய தொறக்காத"ன்னார்.

இங்க உங்ககிட்ட தொறந்துட்டேன்.

உங்க வூட்டுல மாத்திரை எடுத்துக் குடுக்கிறது யாரு?