சோம்புத் தட்டில் நூற்றொன்று

"தலைவா" என்று கூப்பிடுகிறவன் டிப்ஸ் வைக்க மாட்டான். மதுரையில் வருடக்கணக்காகச் சப்ளையர் வேலை பார்க்கிறேன், இந்த ஒரு விஷயத்தில் என் கணிப்பு தப்பியதே இல்லை. உட்கார்ந்ததும் "தலைவா, சூடா என்ன இருக்கு?" என்பான். இருப்பதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பிக்க வைத்துவிட்டு இரண்டு பரோட்டா சொல்வான். அந்த இரண்டு பரோட்டாவுக்கு நாலு தடவை சால்னா. "தலைவா, வெங்காயம் கொஞ்சம்." "தலைவா, எலுமிச்சம்பழம் ஒரு துண்டு." தலைவன் எங்கேயாவது இப்படி ஓடுவானா? கடைசியில் போனை நீட்டி ஸ்கேன் பண்ணிவிட்டு, தட்டிலிருக்கும் சோம்பை உள்ளங்கையில் கவிழ்த்துக்கொண்டு, "வாரேன் தலைவா" என்று போய்விடுவான். நான் வெறும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவேன்.

இந்த ஸ்கேன் வந்த பிறகுதான் எங்கள் பிழைப்பில் மண் விழுந்தது. முன்பெல்லாம் பில் தட்டில் மிச்சச் சில்லறை திரும்பி வரும். எல்லார் முன்னாலும் அதைப் பொறுக்கி எடுக்கக் கூச்சப்பட்டாவது நாலு பேர் விட்டுவிட்டுப் போவார்கள். இப்போது பைசா சுத்தமாகப் போய்விடுகிறது, கூச்சப்படுவதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சுவதில்லை. வாங்குகிற சம்பளம் வில்லாபுரத்து வீட்டு வாடகைக்கே சரியாகப் போய்விடும். அரிசி, அம்மாவின் சர்க்கரை மாத்திரை, பஸ் எல்லாம் இந்த டிப்ஸில்தான் ஓட வேண்டும்.

நான் கோபக்காரன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கஸ்டமர் முன்னால் பல்லைக் காட்டிவிட்டு அடுப்படிக்குள் போய்க் கத்துவேன். "எட்டுப் பேரு, முழுக் குடும்பம், பிள்ளை கொட்டுன சாம்பாரக்கூட நான்தான் தொடச்சேன். ஒத்த ரூபா வைக்கல மாஸ்டர்!" என்பேன். பரோட்டா மாஸ்டர் மாவை வீசிக்கொண்டே, "அடுப்புக்கிட்ட வந்து கத்தாதடா, சால்னா அடிப்பிடிச்சிரும்" என்பார்.

கோபம் கூடப் பரவாயில்லை. இந்த வேலையால் எனக்குக் கல்யாணமே ஆகாமல் இருந்தது. "மாப்பிள்ளை எங்க வேலை?" "ஹோட்டல்ல." "சொந்த ஹோட்டலா?" "இல்லைங்க, சப்ளையர்." அதோடு போன் அடங்கிவிடும். முப்பத்து நாலு வயதாகியும் ஒரு வீட்டிலும் எங்களை உட்காரவைத்து இரண்டாம் பேச்சு பேசவில்லை. அப்போதுதான் தரகர் திருமங்கலம் பக்கத்திலிருந்து இந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்தார். பெண்ணின் அப்பா வெங்காயமும் பருத்தியும் போடுகிற சம்சாரி. பெண்ணுக்குத் திருமங்கலத்தில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. சப்ளையர் என்று சொல்லியும் வரச்சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு நம்பவே முடியவில்லை.

"இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா இனிமே ஒனக்காக எவ வீட்டு வாசலையும் நான் மிதிக்க மாட்டேன். அங்க வந்து வாயத் தெறந்த, பாத்துக்க" என்று அம்மா புறப்படும்போதே சொல்லிவிட்டாள்.

அம்மா, அக்கா, அத்தானோடு போய்த் திருப்பரங்குன்றம் கோயிலில் வைத்துத்தான் பெண் பார்த்தோம். சாமி கும்பிட்டு முடிந்ததும் பெரியவர்கள் எங்கள் இரண்டு பேரையும் ஒரு தூணோரமாகப் பேச விட்டார்கள். அவள்தான் முதலில் கேட்டாள்.

"ஹோட்டல்ல கஸ்டமரெல்லாம் எப்படி?"

"இருக்காங்க, நல்லவங்களும் இருக்காங்க."

"எங்க கடையில நாப்பது சேலைய உருவிப்போடச் சொல்வாக. மேல வச்சிப் பாப்பாக, போட்டோ எடுப்பாக. அப்புறம் 'வீட்ல கேட்டுட்டு வாரோம்'னு போயிருவாக. அம்புட்டையும் மடிச்சு அடுக்கும்போது வரும் பாருங்க ஒரு கோவம்! ஒங்களுக்காச்சும் டிப்ஸ் உண்டு. எங்களுக்கு அதுவும் கெடையாது."

எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று நினைத்தேன். இதை வெட்கப்படாமல் சொல்கிறேன்.

அங்கிருந்து எல்லாரும் சாப்பிடப் பக்கத்திலிருந்த ஒரு ஹோட்டலுக்குப் போனோம். முகூர்த்த நாள், கூட்டம் நெரிந்தது. ஒரு வரிசை முழுக்க ஒரே ஒரு சப்ளையர், ஐம்பது வயதிருக்கும், வேர்த்து வடிய ஓடிக்கொண்டிருந்தார். இரண்டு மேஜையைச் சேர்த்துப் போட்டு எங்களை உட்காரவைத்தார். பெண்ணுக்கு எதிரே என்னை உட்காரவைத்தார்கள். நானும் இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தேன்.

பின்னால் ஒரு மேஜையிலிருந்து யாரோ சத்தம் கொடுத்தார்கள். "அண்ணே, தண்ணி!"

சத்தியமாகச் சொல்கிறேன், எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. ஜக் கையில் இருந்தது. இரண்டு டம்ளரில் ஊற்றி மூன்றாவதில் ஊற்றும்போதுதான் நான் இங்கே சாப்பிட வந்தவன் என்று உறைத்தது. திரும்பினால் எங்கள் அத்தான் கையால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறார். அம்மா இலையைப் பார்த்தபடி இருக்கிறாள். பெண்ணின் அப்பா கையில் பிட்ட இட்லியோடு என்னையே பார்க்கிறார். அவள் மட்டும் குனிந்திருந்தாள், தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்! அந்தச் சப்ளையர் ஜக்கை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு மெதுவாக, "எந்தக் கடை தம்பி?" என்றார்.

அதோடு போயிருந்தால் தேவலை. பெண்ணின் அப்பாவுக்குச் சப்ளையரைக் கூப்பிட வேண்டுமென்றால் கைதட்டித்தான் பழக்கம். 'டப் டப்' என்று தட்டி "ஏம்ப்பா, இங்க வா!" என்பார். சட்னி, மறுபடி சட்னி, இன்னொரு தடவை சட்னி. தோசை முறுகவில்லை என்று ஒரு தடவை, காபியில் சர்க்கரை இல்லை என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினார். அந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் "இந்தா வாரேன் சார்" என்று ஓடினார். எனக்கு இட்லி இறங்கவில்லை. இத்தனை வருடம் நான் அடுப்படிக்குள் போய்த் திட்டித் தீர்த்த ஆள் யார் என்றால், எனக்கு மாமனாராக வரப்போகிறவர்.

பில் வந்தது. அவர் ரொக்கமாகக் கொடுத்தார். மிச்சம் தட்டில் வந்ததும் நோட்டை எடுத்தார், சில்லறையை எடுத்தார், தட்டில் ஒட்டியிருந்த கடைசிக் காசையும் நகத்தால் நெம்பிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு ஒரு காகிதத்தை விரித்து, இருந்த சோம்பைக் கொட்டி மடித்து அதையும் உள்ளே வைத்தார்.

எல்லாரும் எழுந்தார்கள். நான் யாருக்கும் தெரியாமல் ஐம்பது ரூபாயை என் டம்ளருக்கு அடியில் வைத்தேன். பெண்ணின் அப்பா பார்த்துவிட்டார். எடுத்து என்னிடமே நீட்டினார்.

"தம்பி, காச விட்டுட்டுப் போறீங்க பாருங்க."

"விடலைங்க. அது அவருக்கு."

"அவருக்கெதுக்கு? மொதலாளி சம்பளம் குடுக்குறாருல்ல? நான் வெங்காயம் போடுறேன், வெளஞ்சது நல்லாருக்குன்னு எவன் எனக்குச் சேத்துக் குடுக்குறான்?"

அக்கா பின்னாலிருந்து என் முழங்கையைக் கிள்ளினாள். வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் சம்பந்தம் முடிந்திருக்கும், எனக்கும் அது தெரியும். ஆனால் அந்தச் சப்ளையர் பக்கத்திலேயே எச்சில் இலையை எடுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஐயா, நீங்க எத்தன தடவ சட்னி கேட்டீங்க? அத்தன தடவையும் ஓடியாந்தாரு. மாட்டக் கூப்புடுற மாதிரி கையத் தட்டிக் கூப்புட்டீங்க, அதுக்கும் வந்தாரு. நீங்க திருப்பிவிட்ட தோசைக்கு அடுப்படியில வசவு வாங்குனது அவருதான். நானும் இதே வேலதான் பாக்குறேன். நாளைக்கு ஒங்க மக வந்து பொங்கப்போற அரிசி இந்தக் காசுலதான் வாங்கணும். இது பிச்சக் காசுன்னு ஒங்களுக்குத் தோணுச்சுன்னா, எனக்குப் பொண்ணு குடுக்காதீங்க."

ரூபாயை வாங்கி மறுபடி டம்ளருக்கு அடியில் வைத்தேன். அவள் இப்போது சிரிக்கவில்லை, என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா "கெளம்புவோம்" என்று மட்டும் தன் ஆட்களிடம் சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டியபடி வெளியே போய்விட்டார்.

ஆட்டோவில் வில்லாபுரம் வரும் வரை அம்மா அழுதாள். "போச்சு, எல்லாம் போச்சு" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அக்காதான், "ஐம்பது ரூபா டிப்ஸ் வச்சேல்ல, அந்த டம்ளரையே கட்டிக்க" என்றாள். தரகர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

எனக்கு வருத்தம்தான். ராத்திரி படுத்தால் அவள் நாற்பது சேலையை மடித்த கதையும் குலுங்கிய அந்தத் தோளும்தான் நினைவுக்கு வரும். அழுகை வருகிற மாதிரிகூட இருக்கும். ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் ஒரு நாளும் தோன்றவில்லை.

ஒரு மதியம், சாப்பாட்டுக் கூட்டம் மும்முரமாக இருந்த நேரம். வாசலில் வெள்ளை வேட்டி, மஞ்சள் பை. அவர்தான். தனியாக வந்திருந்தார். கல்லாவில் என்னவோ கேட்டுவிட்டு நேராக வந்து என் வரிசையில் உட்கார்ந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்தேன், முதலாளி முன்னால் மானம் போகப்போகிறது.

அவர் சுற்றிலும் பார்த்தார். பழக்கத்தில் இரண்டு கையும் தட்டுவதற்கு மேலே எழுந்தன. எழுந்த கைகளைத் தானே ஒரு தரம் பார்த்துவிட்டு, மேஜைமேல் வைத்துக்கொண்டு, பேசாமல் காத்திருந்தார்.

நான் போய் இலையைப் போட்டேன். "ஒரு சாப்பாடு தம்பி" என்றார். சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர் என்று நிதானமாகச் சாப்பிட்டார். பெண் பேச்சே எடுக்கவில்லை. நானும் "கூட்டு வைக்கவா சார்?" என்பதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கை கழுவி வந்து பணம் கொடுத்தார். நான் கல்லாவில் கட்டி மிச்சத்தைச் சோம்புத் தட்டில் கொண்டு வந்து வைத்தேன். நோட்டு, சில்லறை, கடைசிக் காசு எல்லாம் அன்றைக்கு மாதிரியே சட்டைப்பைக்குள் போயின. மனிதர் மாறவே மாட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது.

அதன் பிறகு மஞ்சள் பைக்குள் கையை விட்டார். மடிப்புக் கலையாத நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தார். அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தார். வைத்துவிட்டு அங்குமிங்கும் தேடினார்.

"எங்க எழுதணும்?"

"என்னத்த எழுதணும்?"

"பேரத்தாம்ப்பா. வச்சவுக பேரு எழுத வேணாமா?"

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை, விளங்கியதும் அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. விசேஷ வீட்டில் சாப்பிட்டு முடித்து மொய் எழுதுவார்களே, அதே மாதிரி ஒற்றை ரூபாய் சேர்த்து எனக்கு மொய் வைத்திருக்கிறார்! பக்கத்து மேஜைக்காரர் சோறு பிசைவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"ஐயா, டிப்ஸுக்குப் பேரெல்லாம் எழுத மாட்டாக."

"எனக்கு டிப்ஸுன்னா கை வரலப்பா. சோறு போட்டவுக கையில காசு குடுத்தா எங்க பக்கம் அசிங்கம். குடுத்தாத்தான் தப்புன்னு நெனச்சேன், குடுக்காட்டித் தப்புன்னு எனக்கு யாரு சொன்னா? எம்மகதான் அன்னைக்குச் சொல்லுச்சு, 'மொய்யா நெனச்சுக்கங்கப்பா'ன்னு. மொய்யின்னா எனக்குத் தெரியும்." மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்தார். "அது ஒரே பிடியா நிக்கிது. கட்டுனா அந்தக் கோவக்காரரத்தான் கட்டுவேங்குது."

அவரே என் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவினார். பில்லின் பின்பக்கத்தில் ஊர் பேரை எழுதினார். அதற்குக் கீழே தன் பேரை எழுதாமல் மகள் பேரை எழுதினார். நூற்றொன்று என்று போட்டு என் கையில் கொடுத்தார்.

"மொய் வாங்கியாச்சு. திருப்பிச் செய்யணும்ல? அம்மாவக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு எப்ப வாரீங்க மாப்ள?"

"வாரோம் மாமா" என்றேன். கடைசி மேஜையிலிருந்து எவனோ, "தலைவா, மோரு!" என்று கத்தினான். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் தலைவாவுக்குச் சந்தோஷமாக ஓடினேன்.

மோரை ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது அவர் போயிருந்தார். தட்டில் நூற்றொரு ரூபாய் அப்படியே இருந்தது. சோம்பு மட்டும் ஒன்றுகூட இல்லை.