கரகத் தண்ணீர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து அம்மனுக்குக் குடத்தில் நீர் மொண்டு, பூச்சுற்றிக் கரகம் பாலிப்பது நீர்த்தேக்கக் கரையில்தான். இந்த வருடம் திருவிழாவுக்கு முன் இடத்தைச் சுத்தம் செய்யப் போனால், மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. மேலே புதிதாக வந்த ஹோட்டலின் கழிவுக் குழாய் அதே இடத்தில் வாயைத் திறந்திருந்தது.

"டவுன்ல இருந்து கேன்ல தண்ணி கொண்டாந்து பாலிச்சிருவோம்" என்றார் தோட்டத் தலைவர். அவர் மகனுக்கு அந்த ஹோட்டலில்தான் வேலை.

"கேனுக்குக் கும்புடு போடவா இத்தன வருசம் இறங்கி வந்தோம்? குழாய எடுக்கட்டும். அதுவரைக்கும் காப்புக் கட்டக்கூடாது" என்றேன்.

லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் என் பக்கம் நின்றார்கள். நாங்கள் குளிப்பது அந்தத் தண்ணீரில். கீழ் லயத்தார் குடிப்பதும் அதைத்தான். முறைப்பாடு கொடுத்தோம். அதிகாரி ஒருவர் வந்தார். வந்தவர் குழாய் வரைக்கும் போகவில்லை. கரையோரம் நான் போட்டிருந்த லீக்ஸ் பாத்தியிலேயே நின்றுவிட்டார்.

"அம்மே, இது நீர்த்தேக்கத்துக்கு ஒதுக்கிய நிலம். இதைப் பிடுங்க வேண்டும்" என்றார் சிங்களத்தில்.

தலைவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாத்தீங்களா பெரியம்மா, ஆளக் கூப்பிட்டு நீங்களே மாட்டிக்கிட்டீங்க!"

நான் அவசரப்படவில்லை. பக்கத்தில் அரசாங்கம் நட்ட பலகையில் தமிழும் இருந்தது. எழுத்துக் கூட்டித்தான் எனக்கு வாசிக்க வரும். கூட்டினேன். பயிர் செய்யக்கூடாது. கட்டடம் கட்டக்கூடாது.

"நான் வாசிக்கிறேனே" என்றார் தலைவர்.

"எனக்கு வாய் இருக்கு."

கழிவுநீர் விடக்கூடாது என்று நான் முடிக்கும் வரை அதிகாரியும் வெயிலில் நின்றார்.

பிறகு பாத்தியில் இறங்கி என் லீக்ஸை நானே பிடுங்கினேன். நான் போட்ட உரமும் அந்தத் தண்ணீரில்தானே இறங்குகிறது. தன் பாத்தியைக் காப்பாற்றத்தான் கிழவி கத்துகிறாள் என்று ஒருத்தரும் சொல்லக்கூடாது. மற்றப் பெண்களும் தங்கள் பாத்திகளில் இறங்கினார்கள். கைமண்ணைத் தட்டிவிட்டு அதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னேன்: "எங்களுடையது முடிந்தது, மாத்தயா. இனி அது."

அவர் குழாய்க்கு நடந்தார். அளந்தார், படம் எடுத்தார், வழக்குப் போடுவோம் என்றார்.

குழாய் இன்னும் ஓடுகிறது. நேற்றுத் தலைவர் லயத்துக்கே வந்துவிட்டார். "திருவிழா இப்புடித் தள்ளிப்போனா ஆத்தா கோவிச்சுக்கும், பெரியம்மா."

"கோவிச்சுக்கட்டும். யார் மேலன்னு ஆத்தாளுக்குத் தெரியும்" என்றேன். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். காப்பு இன்னும் கட்டவில்லை. கட்ட விடவும் மாட்டேன்.