அண்ணை வீட்டு மண்

பல்கலைக்கழகத்தில் நகரப் புவியியல் படித்த வருடம் எங்களுக்கு ஒரு களவேலை தந்தார்கள். யாழ்ப்பாண நகர மையத்தில் தொடங்கி ஒரே வீதியால் வெளிப்பக்கம் நடக்க வேண்டும். கடைகள் எங்கே முடிகின்றன, வயல் எங்கே வீடாக மாறுகிறது என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும். என்னோடு சேர்ந்தவள் வேலணைத் தீவில் எங்கள் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் இருப்பவள். இருவரும் தினமும் ஒரே பஸ்ஸில் பண்ணைப் பாலம் கடந்து வருகிறவர்கள்.

வீதியைத் தெரிவுசெய்தது நான்தான்.

"எங்கட அண்ணை வீடு கட்டுறது அந்தப் பக்கம். களைச்சா அங்க போய் இருக்கலாம்," என்றேன்.

சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. தீவார் என்றால் இளக்காரமாகப் பார்க்கிற நகரத்தில் எங்கள் வீட்டு ஆள் மாடிவீடு கட்டுகிறார்.

மையத்தில் காணி விலை ஏற ஏற, வீடு கட்ட வருகிறவர்கள் விளிம்புக்குப் போகிறார்கள் என்று வகுப்பில் படித்திருந்தோம். அன்று அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நடந்தோம். துணிக்கடைகளும் வங்கிகளும் குறைந்தன. பிறகு ரியூசன் கொட்டில்கள், பலகை விற்கும் மரக்காலை. அதற்கப்பால் பாதி வயல், பாதி புது மதில். முந்தின நாள்தான் மழை விட்டிருந்தது. ஒரு சின்ன வீட்டில் ஒரு அம்மா சமைக்கிற குசினிக்குள்ளிருந்து வாளியால் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளையள், வெள்ளம் பாக்க வந்தனீங்களோ?"

படிப்புக்காக வந்தோம் என்றோம். அவர் பக்கத்து மதிலைக் காட்டினார்.

"இது பள்ளக் காணி. மழைத் தண்ணி இதில நிண்டு மெல்ல வயலுக்கு இறங்கும். இப்ப ஆரோ தீவார் வாங்கி நிரவிப்போட்டினம். மண்ணும் தீவில இருந்துதான் டிப்பர் டிப்பரா வந்தது. தண்ணி பாவம், எங்க போறது? என்ர குசினிக்குள்ள வருது."

அது அண்ணையின் மதில்.

மதிலடியில் மிச்ச மண் குவிந்து கிடந்தது. வெள்ளை மண், இடையிடையே சிப்பித் துண்டுகள். என் சிநேகிதி குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். அவளுடைய வீட்டுக்குப் பின்னால் எங்கள் குடும்பக் காணி இருக்கிறது. அங்கே மண் அகழ்ந்தபோது எதற்கென்று அவளுடைய அம்மா என்னிடம்தான் கேட்டார். வீதி வேலைக்குக் கொடுக்கிறோம் என்று அப்பா சொன்னதை நான் நம்பி அப்படியே போய்ச் சொன்னேன். ஊருக்கு வீதி வருகிறது என்று அவர்களும் பேசாமல் இருந்தார்கள். எங்கள் தீவில் மழைநீரைப் பிடித்து வைத்திருப்பது அந்த மண்தான். அது போனால் அடியிலுள்ள உவர்நீர் மேலே வந்துவிடும். வந்தது. அவர்களுடைய கிணற்றுத் தண்ணீரை இப்போது வாயில் வைக்க ஏலாது. தண்ணீர் வண்டி, பவுசர், வரும் நாளில் அவள் வகுப்புக்குப் பிந்தித்தான் வருவாள்.

கேற் திறந்தது. அண்ணை சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"தங்கச்சி! ஏன் வெயிலுக்க நிக்கிறியள்? உள்ள வாங்கோ!"

அந்த அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். வாளியோடு உள்ளே போனார். சிநேகிதி கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். சின்ன வயதிலிருந்து என்னை 'நீ' என்றே கூப்பிட்டவள்.

"நீர் போம். நான் இதில நிக்கிறன்," என்றாள்.

உள்ளே போய் அண்ணையிடம் கேட்டேன்.

"மண் எங்கட காணியிலதான் எடுத்தனான். அதுக்கென்ன?"

"வீதிக்கெண்டெல்லோ அப்பா சொன்னவர்?"

"வீடு கட்டவெண்டு சொன்னா ஊர் விடுமோ?"

அவர் கெட்டவர் இல்லை. நான் கம்பஸ் போகத் தொடங்கியபோது பஸ் ஏறும் சந்திவரை போகச் சைக்கிள் வாங்கித் தந்தவர். அவருடைய முகத்தில் ஒரு சங்கடமும் இல்லாததுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

வெளியே நின்ற சிநேகிதிக்கும் கேட்க நான் அழுது சண்டைபிடித்த பிறகு, மதிலுக்கடியால் ஒரு குழாய் போட்டு மழைத் தண்ணீரை வயலுக்கு விட்டார். கிணற்றுக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. வகுப்பில் களவேலையை விளக்கியது சிநேகிதிதான். நகரம் தன்னைச் சுற்றியுள்ள பின்னிலத்தை எப்படித் தின்று வளர்கிறது என்று சொன்னாள். மண் தீவிலிருந்து வருகிறது என்றும் சொன்னாள். யாருடைய காணி, யாருடைய வீடு என்று சொல்லவில்லை. பக்கத்தில் வரைபடத்தைப் பிடித்தபடி நின்ற எனக்கு, அவள் சொல்லியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

அடுத்த ஞாயிறு அவளுடைய வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா கதிரையை இழுத்துப் போட்டு, கேட்காமலே தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"மாமி, அந்த மண் வீதிக்கில்லை..."

"தெரியும் பிள்ளை, இவள் சொன்னவள். உமக்கும் தெரியாதாமே." கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். "அண்ணை எப்ப குடிபுகுறார்?"

கோபத்தில் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். ஊரில் எல்லோரும் கேட்பதுபோல, சாதாரணமாகத்தான் கேட்டார். தை மாதம் என்று சொல்ல வாய் வரவில்லை. குசினிப் பக்கம் பவுசர் தண்ணீர்க் கலன்கள் வரிசையாக இருந்தன. அந்தத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணியைத் தலை நிமிராமல் குடித்து முடித்தேன்.