நட்சத்திரம் போட்ட சொல்

சிவகாசி அச்சகத்தில் நான் புரூஃப் பார்த்த நாட்களில், பைண்டிங்கில் ஒரு அக்கா இருந்தார். சாயங்காலம் தீப்பெட்டி கம்பெனி வேனில் அவருடைய தங்கச்சிகள் வந்து இறங்கியதும், தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்.

ஒருநாள் சொற்பிறப்பு அகராதியின் தாள்களை மடித்துக்கொண்டே, "இந்தச் சொல்லுக்கு முன்னால எதுக்கு சார் நட்சத்திரம்?" என்றார்.

"வீடுங்கிறதுக்கு ஆதி ஜெர்மானியச் சொல்லு, அக்கா. எழுத்துல யாரும் பாத்ததில்ல. இங்கிலீஷ்ல ஹவுஸ், ஸ்வீடன்ல ஹூஸ்னு பிள்ளைக இருக்குல்ல, அதுகள வச்சு, தாய் இப்படித்தான் இருந்திருக்கும்னு சொல்றாக. அதுக்குத்தான் நட்சத்திரம்."

மடிப்பதை நிறுத்தினார். "எங்கம்மாவுக்கு ஒரு போட்டோகூட கெடையாது. எனக்கு மூஞ்சி நெனவில்ல."

அன்று தங்கச்சிகளைப் பார்த்து முடித்தவர், என் பக்கம் திரும்பித் தாடையை லேசாகத் தூக்கினார். "எம்மூஞ்சியிலயும் கொஞ்சம் இருக்குமில்ல சார்?"

அவர் அம்மாவை நான் பார்த்ததே இல்லை. நிறைய இருக்கிறது என்றேன். இன்றுவரை அது பொய்யென்று தோன்றவில்லை.